மென்பொருளைப் பொதுக் களஞ்சியத்தில் வெளியிடுவது: சுங்கை சிப்புட் நிரலர்களுக்கான கேள்வி-பதில்

தோட்ட அலுவலகம், தமிழ்ப்பள்ளி, கூட்டுறவுக் கடை போன்ற இடங்களுக்குத் திறமூல நிரல் எழுதி, அதை ஊரறிய வெளியிட நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். விளக்கத்துக்காக இரண்டு கற்பனை நிரல்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 'சம்பளக்கணக்கு': பைத்தானில் எழுதிய சம்பளக் கணிப்பு நூலகம். மற்றது 'குலைக்கணக்கு': மண்டோர் வெளிக்காட்டில் நின்றபடி செம்பனைக் குலைகளை எண்ணிப் பதியும் ஆண்ட்ராய்டு செயலி.

நிரல் கிட்ஹப்பில் இருக்கிறதே, களஞ்சியம் வேறு எதற்கு?

கிட்ஹப் என்ற இணையத்தளத்தில் இருப்பது மூலநிரல். அது நாளுக்கு நாள் மாறும். களஞ்சியத்தில் இருப்பது எண் குத்தி மூடிய வெளியீடு, அது மாறாது. கிராணி தம் கணினியில் 'பிப் இன்ஸ்டால்' (பிப் என்பது பைத்தானின் நிறுவல் கருவி) என்று ஒரு வரி தட்டினால் நிரலும் அது சார்ந்திருக்கும் மற்ற பொதிகளும் (நிறுவத் தயாரான நிரல் தொகுப்புகளும்) சேர்ந்தே இறங்கும். ஜிப் கோப்பை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால், ஆறு மாதம் கழித்து யாரிடம் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று எழுதியவருக்கே தெரியாது.

இரண்டே பேர் பயன்படுத்தும் நிரலுக்குக் களஞ்சியம் வேண்டாம். வெளியிட்ட பிறகு அதைப் பேணும் பொறுப்பும் கூடவே வரும்.

எங்கே போடுவது?

பைத்தான் என்றால் பைபிஐ. ஜாவாஸ்கிரிப்ட் என்றால் என்பிஎம். ரஸ்ட் என்றால் கிரேட்ஸ்.ஐஓ. ஜாவா, காட்லின் நூலகங்களுக்கு மேவன் சென்ட்ரல். ஆண்ட்ராய்டு செயலிக்கு எஃப்-டிராய்டு. உபுண்டு பயனர்களுக்கு லாஞ்ச்பேட் தளத்தில் நீங்களே திறக்கும் தனிக் களஞ்சியமான பிபிஏ. டெபியனின் அதிகாரபூர்வக் களஞ்சியத்துக்குள் நுழைய ஒரு டெபியன் உருவாக்குநர் உங்கள் பொதியைப் பார்த்து ஏற்றித் தரவேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். முதல் வெளியீட்டுக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மேவன் சென்ட்ரல் மட்டும் கொஞ்சம் கெடுபிடி. சொந்த இணையப்பெயரோ கிட்ஹப் கணக்கோ உங்களுடையது என்று நிரூபித்தால்தான் பெயர்வெளி (உங்கள் பொதிப் பெயர்களுக்கான முன்னொட்டு) கிடைக்கும். மூலநிரல் ஜார் (ஜாவாவின் தொகுப்புக் கோப்பு), ஆவண ஜார், ஒவ்வொரு கோப்புக்கும் ஜிபிஜி கையொப்பம் (கோப்பு உங்களிடமிருந்தே வந்தது என்று காட்டும் மின்னணுக் கையொப்பம்) எல்லாம் கட்டாயம்.

காசு கட்டவேண்டுமா?

மேலே சொன்ன எதற்கும் கட்டணம் இல்லை.

வேலையிடத்தில் எழுதிய நிரலை நான் வெளியிடலாமா?

கேட்டுவிட்டு வெளியிடுங்கள். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம், 26-ஆவது பிரிவின்படி, வேலையின் பகுதியாக எழுதியதன் பதிப்புரிமை முதலாளிக்குப் போகிறது. வேறு உடன்பாடு இருந்தால்தான் மாறும். ஒருவர் சொல்லி, அவருக்காக எழுதித் தந்த நிரலுக்கும் இதே கதைதான். அதனால் தோட்ட நிர்வாகம் கேட்டு எழுதிய சம்பள நிரலைத் திறமூலமாக்க, நிர்வாகத்திடம் எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச் சம்மதம் மேனேஜர் மாறும்வரைதான் செல்லும்.

உரிமக் கோப்பே இல்லாத நிரல் திறமூலம் அல்ல. கண்ணால் பார்க்கலாம், சட்டப்படி யாரும் எடுத்தாள முடியாது. எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல் 3 இவற்றில் ஒன்றைத் தேர்ந்து, முழு உரையையும் மூலக் கோப்புறையில் வையுங்கள்.

பெயர் வைப்பதில் என்ன சிக்கல்?

பைபிஐ, என்பிஎம் இரண்டிலும் பொதிப் பெயரில் தமிழ் எழுத்து வராது, ரோமன் எழுத்துத்தான். அங்கேதான் நம் தலைவலி. 'ழ'வுக்கு ஒருவர் ஓர் எழுத்துப் போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். நெடிலுக்கு ஒருவர் எழுத்தை இரட்டிப்பார், மற்றவர் விட்டுவிடுவார். பயனர் காதில் கேட்டபடி தட்டும்போது வேறு பொதி இறங்கினால் ஆபத்து. திருட்டு நிரல் வைப்பவர்கள் இப்படிப்பட்ட தட்டச்சுப் பிழைகளைக் குறிவைத்தே பெயர் பதிகிறார்கள். ஒரே மாதிரி மட்டும் எழுத வரக்கூடிய, குறுகிய பெயராகத் தேடுங்கள். ழ, ற, ண இல்லாத பெயர் நல்லது.

பைபிஐயில் சிறிய, பெரிய எழுத்துக்கு வேறுபாடு இல்லை. இடைக்கோடு, அடிக்கோடு, புள்ளி மூன்றும் ஒன்றாகவே கருதப்படும். ஆகவே கோட்டை மாற்றிப் போட்டு இன்னொருவர் உங்கள் பெயரைப் பிடிக்க முடியாது, நீங்களும் பிறர் பெயரைப் பிடிக்க முடியாது.

பைபிஐயில் ஏற்றும் வழிமுறை என்ன?

முதலில் பழைய 'டிஸ்ட்' கோப்புறையை அழியுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் 'கோப்பு ஏற்கெனவே இருக்கிறது' என்ற பிழைச்செய்தியோடு மல்லுக்கட்டுகிறார்கள். போன பதிப்பின் கோப்புகள் அங்கேயே கிடக்க, ஏற்றும் கட்டளை அவற்றையும் சேர்த்து அனுப்பப் பார்க்கும்.

பிறகு 'பில்ட்' கருவியை ஓட்டினால், அதாவது பொதியைக் கட்டினால், இரண்டு கோப்புகள் கிடைக்கும்: மூலத் தொகுப்பு, வீல் (நிறுவத் தயாரான பொதி). வீல் என்பது உள்ளபடியே ஒரு ஜிப் கோப்பு. ஏற்றுவதற்கு முன் திறந்து பாருங்கள். ஏற்றும் கருவியான ட்வைனில் 'ட்வைன் செக்' ஓட்டினால் அறிமுக உரை பைபிஐயில் ஒழுங்காகத் தெரியுமா என்று சொல்லும். அடுத்து டெஸ்ட்-பைபிஐ. அது ஒத்திகைக்கான தனித் தளம், அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். அங்கிருந்து நிறுவிப் பார்க்கும்போது சார்புப் பொதிகள் கிடைக்காமல் நிறுவல் தோற்கும். அவை உண்மையான பைபிஐயில்தானே இருக்கின்றன. அவற்றை முன்கூட்டியே உண்மையான பைபிஐயிலிருந்து நிறுவிக்கொண்டு, உங்கள் பொதியை மட்டும் 'நோ-டெப்ஸ்' (சார்புகளை இறக்காதே) தெரிவோடு டெஸ்ட்-பைபிஐயிலிருந்து எடுங்கள். இரண்டு களஞ்சியத்தையும் ஒரே கட்டளையில் கலந்தால், எந்தப் பொதி எங்கிருந்து வந்தது என்ற கட்டுப்பாடு உங்கள் கையில் இருக்காது.

எல்லாம் சரி என்றால் 'ட்வைன் அப்லோட்'. ஒரு கோப்புக்கு 100 எம்பி, ஒரு திட்டத்துக்கு மொத்தம் 10 ஜிபி என்பது பைபிஐயின் வழக்கமான உச்சவரம்பு. கிரேட்ஸ்.ஐஓவில் ஒரு பொதிக்கு 10 எம்பிதான். எழுத்துருவையும் ஒலிக் கோப்பையும் உள்ளே திணிப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

என் கணினியில் ஓடுகிறது. பிறர் நிறுவினால் சொற்பட்டியல் கோப்பைக் காணவில்லை என்கிறது. ஏன்?

அதிகம் வரும் புகார் இதுதான். நீங்கள் சோதிப்பது உங்கள் மூலக் கோப்புறைக்குள் நின்றுகொண்டு. கோப்பு பக்கத்திலேயே இருப்பதால் நிரல் அதை எடுத்துக்கொள்கிறது. வீலுக்குள்ளோ பைத்தான் கோப்புகள் மட்டும் போயிருக்கும். பொதி கட்டும் கருவியான செட்அப்டூல்ஸ் தானாகவே எல்லாக் கோப்புகளையும் அள்ளிப்போடாது. '.டிஎக்ஸ்டி', '.ஜேசன்', '.சிஎஸ்வி' போன்ற தரவுக் கோப்புகளை 'பேக்கேஜ்-டேட்டா' பகுதியில் பெயர் சொல்லிச் சேர்க்கவேண்டும்.

சோதிக்கும் முறை: மூலக் கோப்புறையை விட்டு வெளியேறி, வேறு இடத்தில் புதிய மெய்நிகர் சூழல் (மற்ற பைத்தான் நிறுவல்களோடு கலக்காத தனி இடம்) ஒன்றை உருவாக்கி, வீலை அதில் நிறுவி, அங்கிருந்தே ஓட்டுங்கள். தரவுக் கோப்பைத் திறக்கும்போது நேரடிப் பாதை எழுதாமல் 'இம்போர்ட்லிப்.ரிசோர்சஸ்' வழியாகத் திறவுங்கள்.

தமிழ் உரையுள்ள கோப்பென்றால் இன்னொரு பொறி இருக்கிறது. விண்டோசில் பைத்தானின் 'ஓப்பன்' கட்டளைக்கு குறியாக்கம் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) சொல்லாவிட்டால், பல பதிப்புகளில் அது கணினியின் பழைய குறியாக்கத்தில் படிக்கும். தமிழ் குப்பையாகும், அல்லது நிரல் அப்படியே நின்றுவிடும். ஒவ்வொரு இடத்திலும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். லினக்சில் எழுதி லினக்சிலேயே சோதிப்பவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது.

தமிழில் கோப்புப்பெயர் வைக்கலாமா?

வைக்காதீர்கள். 'கொ', 'கோ', 'கௌ' ஆகியவற்றில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மேக் கணினியின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு, கோப்புப்பெயரைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கும். மேக்கில் கட்டிய பொதிக்குள் இருக்கும் 'தோட்டம்' என்ற கோப்பை, லினக்சில் ஓடும் நிரல் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று சொல்லும். கோப்புப்பெயர் ரோமனில் இருக்கட்டும், தமிழ் உள்ளடக்கத்தில் இருக்கட்டும். உள்ளடக்கத்தையும் படித்தவுடன், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் ஒரே சொல் பட்டியலில் இருமுறை வராது.

பதிப்பு எண்ணை எப்படிக் கூட்டுவது?

மூன்று எண்: பெரியது, நடு, சிறியது. பிழை திருத்தினால் கடைசி எண் கூடும். பழையதை உடைக்காமல் புதியது சேர்த்தால் நடு எண். பழைய நிரல்கள் உடையும்படி மாற்றினால் முதல் எண். ஏட்டில் எளிது, நடப்பில் எண்களைவிட அதன் பின்னுள்ள வாக்கு முக்கியம்.

சம்பளக்கணக்கையே பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளிக்கு உயர்ந்தது. 5 பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அது ஆகஸ்ட் 1-இல்தான் வந்தது. நிரலில் 1,500 என்று ஒரே இடத்தில் எழுதியிருந்தவர் அதை 1,700 ஆக்கி, 'ஓர் எண்தானே மாறியது' என்று 1.4.0-ஐ 1.4.1 ஆக வெளியிட்டால் என்ன ஆகும்? பழைய மாதத்தின் நிலுவையைக் கணக்கிடும் அலுவலகத்துக்கும், ஜூலை வரை பழைய தொகையே பொருந்தும் நான்கு பேர் கடைக்கும் தவறான விடை போகும். அதுவும் 'சின்னத் திருத்தம்' என்ற பெயரில், அவர்கள் அறியாமலே.

சரியான வழி, தொகைகளைத் தேதியோடு ஓர் அட்டவணையில் வைப்பது. புதிய வரிசை சேர்ந்தால் விடை மாறுகிறது, ஆகவே நடு எண்ணைக் கூட்டி 1.5.0 ஆக்குங்கள், மாற்றப் பட்டியலில் முதல் வரியாகச் சொல்லுங்கள். கணிக்கும் மாதத்தைக் கட்டாயம் தரவேண்டும் என்று மாற்றினால், பழைய அழைப்புகள் எல்லாம் உடையும், அது 2.0.0. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 2025 அக்டோபர் சம்பளம் முதல் வந்த 2 விழுக்காடு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சந்தா போன்றது புதிய செயற்கூறு, நடு எண் போதும்.

பயனர் பக்கத்தில் '~=1.4' என்று எழுதியிருந்தால் 1.5-உம் இறங்கும், 2.0 இறங்காது. '~=1.4.0' என்று எழுதியிருந்தால் 1.4-க்குள்ளேயே நிற்கும். ஒரு சுன்னம்தான் வித்தியாசம்.

சோதனைப் பதிப்பை எப்படி வெளியிடுவது?

பைபிஐயில் 1.5.0-க்குப் பின்னால் 'ஆர்சி1' என்று ஒட்டினால் போதும். தனியாகக் கேட்பவருக்கு மட்டும் இறங்கும். என்பிஎம் அப்படி இல்லை. 'நெக்ஸ்ட்' போல ஒரு டேக் (பதிப்பில் ஒட்டும் பெயர்ச்சீட்டு) கொடுத்து ஏற்றவேண்டும். பழைய என்பிஎம் கருவியில் டேக் கொடுக்காவிட்டால் சோதனைப் பதிப்பே 'லேட்டஸ்ட்' ஆகி எல்லாருக்கும் போய்ச்சேரும். டெபியன், உபுண்டு உலகில் அலைக்குறி போடவேண்டும்: '1.5.0~ஆர்சி1' என்பது 1.5.0-க்கு முந்தையதாக வரிசைப்படும். அலைக்குறிக்குப் பதில் புள்ளி வைத்தால் சோதனைப் பதிப்பு இறுதிப் பதிப்பைவிடப் புதியதாகி, பயனர் அதிலேயே மாட்டிக்கொள்வார்.

தவறான வெளியீட்டை அழித்துவிட்டு அதே எண்ணில் மறுபடி ஏற்றலாமா?

முடியாது. பைபிஐயில் ஒரு கோப்பை, ஏன் முழுத் திட்டத்தையே அழித்தாலும், அதே கோப்புப்பெயரை இனி எப்போதும் ஏற்ற முடியாது. என்பிஎம்மில் பெயரும் எண்ணும் சேர்ந்த சோடி ஒருமுறைதான். இது தொல்லைக்காக வைத்த விதி அல்ல. ஒரே எண்ணில் இரண்டு வேறு கோப்பு இருக்குமானால், நேற்று இறக்கியவரிடமும் இன்று இறக்கியவரிடமும் வேறு வேறு நிரல் இருக்கும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு ஹாஷ்கள் எல்லாம் பொய்யாகும்.

அழிப்பதும் நல்லதல்ல. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பொதியை அதன் ஆசிரியர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட, அதை மறைமுகமாகச் சார்ந்திருந்த ஏராளமான திட்டங்களைக் கட்டமுடியாமல் போனது. அதற்குப் பிறகு என்பிஎம் விதியை இறுக்கியது. வெளியிட்டு 72 மணி நேரத்துக்குள், வேறு எந்தப் பொதியும் சார்ந்திராவிட்டால் எடுக்கலாம். அதைத் தாண்டினால் நிபந்தனைகள் கூடுதல்.

செய்யவேண்டியது இது. பைபிஐயில் அந்தப் பதிப்பை 'யேங்க்' செய்யுங்கள், காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். புதிதாக நிறுவுபவருக்கு அது போகாது. அந்த எண்ணை '==' போட்டுக் குறிப்பிட்டிருப்பவருக்கு மட்டும் தொடர்ந்து கிடைக்கும். கிரேட்ஸ்.ஐஓவிலும் யேங்க் உண்டு. என்பிஎம்மில் 'டெப்ரிகேட்' என்ற எச்சரிக்கை. உடனே திருத்திய பதிப்பை அடுத்த எண்ணில் வெளியிடுங்கள். எண்ணுக்குப் பஞ்சமில்லை.

கடவுச்சொல் உள்ள கோப்பு பொதிக்குள் போய்விட்டது. இப்போது?

பொதியை அழிக்க ஓடாதீர்கள். முதல் வேலை, அந்தக் கடவுச்சொல்லையோ, கடவுச்சொல்லுக்குப் பதிலான ரகசியக் குறியீடான டோக்கனையோ செல்லாததாக்குவது. களஞ்சியங்களை இடைவிடாமல் நகலெடுக்கும் இயந்திரங்கள் பல. நீங்கள் பார்ப்பதற்கு முன்பே நகல் போயிருக்கும்.

என்பிஎம்மில் இது நேரும் வழி வினோதமானது. '.என்பிஎம்இக்னோர்' கோப்பு இல்லாவிட்டால், கிட் பதிப்புக் கருவியில் சேர்க்கவேண்டாத கோப்புகளைச் சொல்லும் '.கிட்இக்னோர்' பட்டியலை என்பிஎம் மதிக்கும். பெரிய படக்கோப்பு ஒன்றை விலக்கலாமென்று நீங்கள் '.என்பிஎம்இக்னோர்' ஒன்றை உருவாக்கிய அந்தக் கணமே '.கிட்இக்னோர்' கணக்கில் வராமல் போகும். அதுவரை மறைந்திருந்த, கடவுச்சொல் உள்ள '.என்வ்' கோப்பு பொதிக்குள் ஏறிவிடும். விலக்கும் பட்டியலை நம்பாமல், 'ஃபைல்ஸ்' பகுதியில் எவையெவை போகவேண்டும் என்று சொல்லுங்கள். ஏற்றும் முன் 'என்பிஎம் பேக்' கட்டளையை 'ட்ரை-ரன்' தெரிவோடு ஓட்டினால் உள்ளே போகும் ஒவ்வொரு கோப்பின் பெயரும் திரையில் வரும். அதைப் படிக்க ஒரு நிமிடம்தான்.

கணக்கை எப்படிப் பாதுகாப்பது?

பைபிஐயில் 2024 ஜனவரி 1 முதல் ஈரடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இரண்டாவது சான்றும் கேட்பது) எல்லாருக்கும் கட்டாயம். கைப்பேசி தொலைந்தால் உள்ளே போக மீட்புக் குறியீடுகள்தான் வழி. அச்சடித்து வீட்டில் வையுங்கள், கைப்பேசியில் படமெடுத்து வைப்பதில் பயனில்லை.

டோக்கனை மடிக்கணினியில் வைத்திருப்பதைவிட 'ட்ரஸ்டட் பப்ளிஷிங்' மேல். 2023-இல் பைபிஐயில் வந்தது. கிட்ஹப் திட்டத்தின் உரிமையாளர் பெயர், திட்டத்தின் பெயர், பணியோட்டக் கோப்பின் (வெளியீட்டைக் கிட்ஹப்பில் தானாக நடத்தும் கட்டளைக் கோப்பின்) பெயர் ஆகியவற்றைப் பைபிஐயில் பதிந்துவிட்டால், வெளியீட்டு நேரத்தில் 15 நிமிடம் மட்டும் செல்லும் டோக்கன் தானாகக் கிடைக்கும். திருடுவதற்கு நிரந்தரமான எதுவும் இல்லை. தோற்றால் பெரும்பாலும் இரண்டு காரணம்: பணியோட்டக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டுப் பைபிஐயில் மாற்றாமல் விட்டது, அல்லது 'ஐடி-டோக்கன்' எழுதும் அனுமதியைப் பணியோட்டத்தில் கொடுக்காதது. புதிய திட்டத்துக்கு முன்பதிவு செய்யலாம், ஆனால் முதல் வெளியீடு நடக்கும்வரை பெயர் உங்களுக்கு ஒதுக்கப்பட்டதாக நினைக்காதீர்கள்.

வெளியீட்டைக் கையால் கட்டலாமா, இயந்திரம் கட்டவேண்டுமா?

கிட்டில் டேக் வைத்த, அதாவது பதிப்பு எண்ணால் குறித்த, மூலத்திலிருந்து இயந்திரம் கட்டட்டும். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் (பிறர் ரகசியமாக உள்ளே நுழையும் வழி) அகப்பட்டது. அதை இயக்கிவைத்த வரிகள் கிட்டிலுள்ள மூலநிரலில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் இருந்த ஒரு கட்டமைப்புக் கோப்பில் மட்டும் இருந்தன. மூலத்தைப் படித்தவர் கண்ணில் அது படவே வாய்ப்பில்லை. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) நுழைவு அரை நொடி தாமதமாவதைத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலர்தான் கண்டுபிடித்தார். உங்கள் மூலத் தொகுப்பிலுள்ள கோப்புப் பட்டியலையும் டேக்கிலுள்ள பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் காரணம் தெரிந்திருக்கவேண்டும்.

குலைக்கணக்கை எஃப்-டிராய்டில் போட என்ன தேவை?

எஃப்-டிராய்டு உங்கள் ஏபிகேயை (நீங்கள் கட்டிய செயலிக் கோப்பை) வாங்காது. உங்கள் மூலத்தை எடுத்துத் தானே கட்டும். ஃபயர்பேஸ், கூகள் மேப்ஸ் போன்ற மூடிய நூலகம் ஒன்று இருந்தாலும் சேர்க்காது. கிட்லேபில் உள்ள அதன் தரவுத் திட்டத்தில் ஒரு விவரக் கோப்பைச் சேர்க்கக் கோரவேண்டும். அடுத்தடுத்த பதிப்புகளுக்கு டேக் வைத்தால் தானாகக் கண்டுகொள்ளும்படி அமைக்கலாம், ஒவ்வொரு முறையும் 'வெர்ஷன்கோட்' முழு எண் கூடியிருக்கவேண்டும். செயலி பட்டியலில் ஏற நாட்கள் பிடிக்கும். பெரட்டுக்கு முன் எல்லார் கையிலும் இருக்கவேண்டும் என்று முந்தின நாள் டேக் வைப்பது வீண்.

பெரிய சிக்கல் கையொப்பம். வழக்கமாக எஃப்-டிராய்டு தன் சாவியால் கையொப்பமிடும். கிட்ஹப்பிலிருந்து உங்கள் சாவியில் கையொப்பமான ஏபிகேயை மண்டோர் ஏற்கெனவே நிறுவியிருந்தால், அதன் மேல் எஃப்-டிராய்டு பதிப்பு ஏறாது. பழையதை நீக்கினால்தான் ஏறும். நீக்கினால் கைப்பேசியிலுள்ள குலைப் பதிவுகளும் போய்விடும். எனவே முதல் பதிப்பிலேயே 'பதிவுகளைக் கோப்பாக எடு' என்ற பொத்தானை வையுங்கள், அது இல்லாமல் வெளியிடவே வேண்டாம். எஃப்-டிராய்டு கட்டுவதும் நீங்கள் கட்டியதும் துல்லியமாக ஒத்துவந்தால் உங்கள் சாவியிலேயே வெளியிட எஃப்-டிராய்டில் வழி உண்டு, அதற்குக் கட்டமைப்பில் நிறைய உழைக்கவேண்டும்.

குறுவிளக்கத்துக்கு 80 எழுத்து வரம்பு. அந்த எண்ணிக்கை நம் எழுத்துக் கணக்கில் அல்ல, யூனிகோடு குறிகளின் கணக்கில். 'தோட்டம்' நமக்கு நான்கு எழுத்து, அங்கே ஏழு. ஆங்கிலத்தில் சொல்வதில் பாதியளவு சொல்லத் தயாராகுங்கள்.

உபுண்டு பிபிஏவுக்கு அனுப்பினேன், பதிலே இல்லை. ஏன்?

கையொப்பமிட்ட ஜிபிஜி சாவி லாஞ்ச்பேடில் பதியப்படாதது காரணமாக இருக்கலாம். அப்போது லாஞ்ச்பேட் மறுப்பு மின்னஞ்சல்கூட அனுப்பாது, கோப்பைச் சத்தமின்றித் தூக்கிப்போடும். சாவி சரியென்றால் ஏற்பு அல்லது மறுப்பு மின்னஞ்சல் வரும். பிபிஏவுக்கு மூலம் மட்டும்தான் அனுப்பவேண்டும், கட்டிய '.டெப்' (உபுண்டுவின் நிறுவல் கோப்பு) ஏற்காது. ஒவ்வொரு உபுண்டு பதிப்புக்கும் தனி எண் வேண்டும்: '1.5.0-1~பிபிஏ1~உபுண்டு24.04.1' என்ற வடிவில். அதே 1.5.0-க்கு மூலத் தொகுப்பை மறுபடி சுருக்கி அனுப்பினால் ஒரு பைட்டு மாறினாலும் மறுக்கப்படும். முதலில் அனுப்பிய தொகுப்பைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இணையம் எட்டாத தோட்ட அலுவலகத்தில் எப்படி நிறுவுவது?

டவுனில் இணையமுள்ள கணினியில் 'பிப் டவுன்லோட்' செய்து, கோப்புறையைப் பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். அங்கே 'நோ-இண்டெக்ஸ்' (இணையத்தில் தேடாதே), 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' (இந்தக் கோப்புறையில் தேடு) தெரிவுகளோடு நிறுவுங்கள்.

இறக்கும் கணினியும் நிறுவும் கணினியும் ஒரே வகையாக இருப்பது நல்லது. லினக்சில் அமர்ந்து விண்டோசுக்கான வீல்களை இறக்கலாம், தெரிவுகள் உண்டு. ஆனால் 'விண்டோசில் மட்டும் தேவை' என்று குறித்த சார்புகளை, பிப் தான் ஓடும் லினக்சைப் பார்த்துத் தேவையில்லை என விட்டுவிடும். தோட்டத்துக்குப் போன பிறகுதான் ஒரு பொதி குறைவது தெரியும். விண்டோஸ் 7 கணினி என்றால் பைத்தான் 3.8-க்கு மேல் ஓடாது. அவர்களை விட்டுவிடக்கூடாது என்றால், 'ரிக்வயர்ஸ்-பைத்தான்' பகுதியில் உங்கள் நிரல் உண்மையில் ஓடும் மிகக் குறைந்த பதிப்பை எழுதுங்கள். பிறகு நீங்கள் 3.8-ஐக் கைவிட்டாலும், அந்தக் கணினிக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பைப் பிப் தானே தேர்ந்துகொள்ளும். எழுத மறந்தால் புதியதை இறக்கி, ஓடாமல் நிற்கும்.

எப்போது வெளியிடக்கூடாது?

அடுத்த மூன்று நாள் கணினிப் பக்கம் வரமுடியாது என்றால் வெளியிடாதீர்கள். தீபாவளிக்கு முந்தின இரவும் சம்பள நாளுக்கு முந்தின இரவும் அதில் அடக்கம்.

நான் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் திட்டத்தை யார் பார்ப்பது?

போவதற்கு முன்பே இன்னொருவரைப் பைபிஐயில் உரிமையாளராகச் சேர்த்துவிடுங்கள். பராமரிப்பாளர் நிலை மட்டும் கொடுத்தால் அவரால் புதிய பதிப்பை ஏற்ற முடியும், பிறரைச் சேர்க்கமுடியாது. கடவுச்சொல்லைக் கைமாற்றுவது தீர்வல்ல, ஈரடுக்குச் சரிபார்ப்பு உங்கள் கைப்பேசியைத்தான் கேட்கும். கைவிடப்பட்ட பெயரை வேறொருவருக்கு மாற்றித்தரப் பைபிஐயில் நடைமுறை இருக்கிறது. ஆனால் பழைய உரிமையாளரைத் தொடர்புகொள்ள முயன்று, பதில் வராமல் போனதைக் காட்டவேண்டும், அது இழுக்கும். பைபிஐ கணக்கில் நீங்கள் தினமும் பார்க்கும் மின்னஞ்சல் முகவரியையே வையுங்கள். படித்த கல்லூரி கொடுத்த முகவரி, படிப்பு முடிந்ததும் முடக்கப்படலாம்.